கலைக்களஞ்சியமும் வெர்னியர் காலிப்பரும்



கலைக்களஞ்சியம் என்றால் ஒரு காலத்தில் நூலக அலமாரிக்குள் இருக்கும் கனமான புத்தகம். தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் வெளியிட்ட கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகள். அறிஞர்கள் எழுதினார்கள்; ஆசிரியர் குழு சரிபார்த்தது; மற்றவர்கள் படித்தார்கள். 2001-இல் விக்கிப்பீடியாவும், 2003-இல் தமிழ் விக்கிப்பீடியாவும் வந்தபிறகு கதையே மாறிவிட்டது. இன்று தமிழில் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள்! எழுதுபவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். பள்ளிப்பட்டில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நீங்களும் ஒரு கட்டுரையைத் திருத்தலாம்.

"யார் வேணும்னாலும் எழுதலாம்னா, அவனவன் தன்னைப் பத்தியே எழுதிக்க மாட்டானா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி! விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்சே தன்னைப் பற்றிய கட்டுரையில் தானே கைவைத்தது 2005-இல் வெளியாகி, அவருக்குப் பெரிய தர்மசங்கடமாகிவிட்டது.

எழுதுகிறவருக்கும் எழுதப்படும் பொருளுக்கும் உறவு, வேலை, பணம், பகை என ஏதாவது ஒரு தொடர்பு இருந்தால் அதை 'நல முரண்' என்கிறார்கள். வாசகனுக்கு வேண்டியது உண்மை. எழுதுகிறவனுக்கு வேண்டியது வேறொன்று. இரண்டும் மோதுகிற இடம் அது.

மோதினால் என்ன ஆகும்? ஐ.ஐ.பி.எம். என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனத்தைப் பற்றிய ஆங்கில விக்கிப்பீடியா கட்டுரையைப் புனைபெயர் கொண்ட ஒரு நிர்வாகி பல ஆண்டுகள் தொகுத்து வந்தார். அவர் நடுநிலை தவறியதாக முடிவு செய்த விக்கிப்பீடியா நடுவர் குழு, 2015 பிப்ரவரியில் அவருடைய நிர்வாகிப் பொறுப்பைப் பறித்துத் தடையும் விதித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2014 செப்டம்பரில்தான், எம்.பி.ஏ., பி.பி.ஏ. போன்ற பெயர்களைப் பயன்படுத்தக்கூடாது என்று அந்த நிறுவனத்துக்கு தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அட்மிஷன் சமயத்தில் ஒரு கட்டுரையை நம்பி அப்பா நிலத்தை அடகு வைத்துப் பணம் கட்டுகிற வீடுகள் நம் பக்கத்திலும் உண்டு. அதனால் இது வெறும் எழுத்து விவகாரம் இல்லை, நண்பர்களே!

அப்படியானால் தொடர்புள்ளவன் வாயே திறக்கக்கூடாதா? இங்கேதான் நம் முதலாம் ஆண்டு இயற்பியல் லேப் உதவிக்கு வருகிறது. வெர்னியர் காலிப்பரில் ஜீரோ எர்ரர் இருந்தால் அதைத் தூக்கியா எறிகிறோம்? ரெக்கார்டு நோட்டில் குறித்துக்கொண்டு, வந்த அளவைத் திருத்திவிடுகிறோம். குறிக்காத பிழைதான் எல்லா அளவையும் கெடுக்கும். மனிதனின் சார்பும் அப்படித்தான். சொல்லிவிட்டால் படிப்பவர் அதைக் கழித்துப் பார்த்துக்கொள்வார்.

சொல்வது எப்படி? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் நீங்கள் டிரெய்னியாகச் சேர்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கம்பெனியைப் பற்றிய கட்டுரையில் ஒரு தகவல் தவறு. நேராகப் போய் மாற்றாமல், அந்தக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில், "நான் இங்கே வேலை பார்க்கிறேன். இந்த வரி தவறு. செய்தித்தாளில் வந்த ஆதாரம் இது. தொடர்பில்லாத யாராவது பார்த்துத் திருத்துங்கள்" என்று எழுத வேண்டும். உங்கள் பயனர் பக்கத்திலும் அந்தத் தொடர்பைக் குறிப்பிடலாம். தன் சொந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. தொடர்பைச் சொன்னால் போதும். ஆனால் கூலி வாங்கிக்கொண்டு எழுதினால், யார் பணம் தருகிறார்கள், யாருக்காக எழுதுகிறோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லியே தீர வேண்டும். 2014 ஜூன் முதல் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிகளிலேயே இது இருக்கிறது.

"அதான் சொல்லிட்டேன்ல, இனிமே என் இஷ்டம்!" என்றும் கிளம்பிவிடக் கூடாது. ஷாப் ஃப்ளோரில் லேத் ஓட்டியவரே தன் ஜாபுக்கு ஃபைனல் இன்ஸ்பெக்ஷன் கையெழுத்துப் போட்டுவிட முடியுமா? அளந்து பார்க்க வேறொருவர் வேண்டும். அறிவித்தபின் முடிவை அடுத்தவரிடம் விடுவதுதான் பாதி நேர்மை.

இந்தப் பழக்கம் விக்கிப்பீடியாவோடு நிற்பதில்லை. நாளை நம்மில் ஒருவர் பர்ச்சேஸ் பிரிவில் உட்காருவார். கொட்டேஷன் கொடுத்தவர்களில் ஒருவர் மாமா மகனாக இருப்பார். இன்னொருவர் பஞ்சாயத்து ரோட்டுக்கு அளவு எடுக்கப் போவார். காண்டிராக்டர் கூடப் படித்தவராக இருப்பார். அப்போது, "சார், இவர் எனக்கு வேண்டியவர், இந்த ஃபைலை வேறு யாராவது பார்க்கட்டும்" என்று மேலதிகாரியிடம் சொல்ல ஒரு நிமிடம் போதும். நாமாக முந்திச் சொன்னால் அது நாணயம். பிறர் கண்டுபிடித்துச் சொன்னால் அது குற்றச்சாட்டு. டிப்ளமோ கையில் வாங்கும் முன்பே இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொள்வோம், தோழர்களே!