'ஏற்கெனவே' என்னும் ஒரு சொல்: ஜப்பான் – தென் கொரியா பிணக்கின் கதை

நம் வீடுகளில் இருக்கிற சாமான்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். வாசலில் நிற்கிற மாருதி சுசுகி காரில் பெரும்பங்கு ஜப்பானுடையது. பக்கத்து வீட்டு ஹுண்டாய் கொரியாக்காரருடையது; அதுவும் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் செய்து வந்தது. ஏ.சி. ஒரு நாடு, டி.வி. இன்னொரு நாடு. நம் கூடத்தில் இப்படி அக்கம்பக்கமாகச் சமர்த்தாக உட்கார்ந்திருக்கிற இவ்விரண்டு தேசங்களும், தங்கள் ஊரில் முகம் கொடுத்துப் பேசாமல் வருஷக்கணக்கில் இருந்திருக்கின்றன.

இத்தனைக்கும் இரண்டும் ஒரே அணி. அமெரிக்கா ஜப்பானோடு 1951-லும், தென் கொரியாவோடு 1953-லும் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்டது. இரண்டு மண்ணிலும் இன்றுவரை அமெரிக்கப் படை இருக்கிறது. வட கொரியாவின் ஏவுகணை இருவருக்கும் பொதுவான பயம். ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவே மட்டும் அப்படியொரு பாதுகாப்பு உடன்படிக்கை கிடையாது. நண்பனுக்கு நண்பன் என்ற முறையில்தான் உறவு.

ஏன் இந்த மனத்தாங்கல் என்று கேட்டால், "பழைய காலனி ஆட்சிதான்" என்று ஒரு வரியில் சொல்லிவிடுவார்கள். அது போதாது. நாமும்தான் ஆங்கிலேயனிடம் இருந்தோம். அதற்காக இன்று லண்டனோடு தினமும் மல்லுக்கட்டுகிறோமா? இவர்களுக்கு மட்டும் ஏன் ஆறவில்லை? 1965-ல் கையெழுத்தான ஓர் உடன்படிக்கையில் உள்ள ஒரே ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் விஷயம் பெரிதும் விளங்கிவிடும் என்பது என் எண்ணம்.

அதற்கு முன் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1905-ல் அரண்மனையைச் சுற்றிப் படையை நிறுத்திக்கொண்டு, கொரியாவைத் தன் பாதுகாப்பில் உள்ள நாடாக்கிக் கையெழுத்து வாங்கியது ஜப்பான். 1910 ஆகஸ்டு 22-ல் இணைப்பு உடன்படிக்கை. கொரியா என்ற நாடே வரைபடத்திலிருந்து மறைந்தது. 35 ஆண்டுகள் அப்படியே போயின. 1938-ல் பள்ளிக்கூடங்களில் கொரிய மொழி கட்டாயப் பாடமாக இருந்த நிலை நீங்கியது. 1940-ல் குடும்பப் பெயரையே ஜப்பானிய முறைக்கு மாற்றச் சொன்னார்கள். பெரும்பாலான குடும்பங்கள் வேறு வழியின்றி மாற்றிக்கொண்டன.

நம்மைப் போல் வெளிமாநிலத்தில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு நடத்துகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு செய்தியைக் கேட்டே ஆக வேண்டும். கொரிய மொழிக் கழகம் என்ற அமைப்பைச் சேர்ந்த அறிஞர்கள் ஓர் அகராதி தொகுத்துக்கொண்டிருந்தார்கள். 1942-ல் அவர்களைக் கைதுசெய்து, கையெழுத்துப் படியையும் பறிமுதல் செய்தது போலீஸ். இரண்டு அறிஞர்கள் சிறையிலேயே மாண்டார்கள். விடுதலைக்குப் பின், 1945 செப்டம்பரில், சியோல் ரயில் நிலையச் சரக்குக் கிடங்கில் அந்தப் படிகள் தற்செயலாக அகப்பட்டன. 1947-ல் முதல் தொகுதி அச்சேறியது. சொந்தப் பாஷைக்கு அகராதி போடுவது குற்றம் என்று ஆக்கப்பட்ட தேசம் அது.

போர்க்காலத்தில் லட்சக்கணக்கான கொரியர்களை ஜப்பானின் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் கொண்டுபோனார்கள். பெண்களை ராணுவ முகாம்களில் அடைத்து, அவர்களுக்கு 'ஆறுதல் பெண்கள்' என்று ஒரு பசப்புப் பெயரும் வைத்தார்கள். நம்மவர்களும் இந்தக் கதைக்கு முற்றும் அந்நியரல்லர். 1942–43-ல் சயாம் – பர்மா ரயில் பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஜப்பானிய ராணுவம் கொண்டுபோனது. 'சயாம் மரண ரயில்' என்றால் மலேசியத் தமிழர் வீடுகளில் இன்றும் தெரியும். அதே பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகளின் முகாம்களில் காவலாளிகளாக நிறுத்தப்பட்டவர்களில் பலர் கொரிய இளைஞர்கள். போர் முடிந்ததும் போர்க்குற்ற வழக்குகளில் 148 கொரியர்கள் தண்டிக்கப்பட்டு, 23 பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. தண்டனை வாங்கும்போது அவர்கள் 'ஜப்பானியர்'. 1952-ல் ஜப்பானியக் குடியுரிமை போனபின், ஜப்பானிய வீரர்களுக்குக் கிடைத்த ஓய்வூதியம் கேட்டபோது அவர்கள் 'அந்நியர்'. இதைவிடக் கசப்பான கணக்கு ஒன்று இருக்க முடியுமா?

இனி அந்தச் சொல்லுக்கு வருவோம்.

1951-ல் பேச்சு தொடங்கியது. நடுவே, 1953-ல், ஜப்பானியப் பிரதிநிதி ஒருவர் "எங்கள் ஆட்சியில் உங்களுக்கு நன்மையும் நடந்ததே" என்று ரயிலையும் துறைமுகத்தையும் மரம் நட்டதையும் கணக்குச் சொல்லப்போக, பேச்சு நாலு வருஷத்துக்கு முறிந்தது. (வெள்ளைக்காரன் ரயில் விட்டான் என்ற பேச்சை நாம் கேட்டதில்லையா?) கடைசியில் அதிபர் பார்க் சுங்-ஹீ காலத்தில், 1965 ஜூன் 22-ல், டோக்கியோவில் கையெழுத்தானது. 1910-க்கும் அதற்கு முன்பும் செய்த உடன்படிக்கைகள் எல்லாம் 'ஏற்கெனவே செல்லாதவை' என்று அதில் எழுதினார்கள். கொரிய மொழிப் படியில் 'இமி', ஜப்பானியப் படியில் 'மோஹாயா', ஆங்கிலத்தில் 'ஆல்ரெடி'. கருத்து வேறுபாடு வந்தால் ஆங்கிலப் படியே செல்லும் என்றும் ஒரு ஷரத்து. ஆனால் ஆங்கிலச் சொல்லே வழவழவென்று இருந்தால் என்ன செய்வது?

ஏற்கெனவே என்றால் எப்போதிலிருந்து? கொரியா சொல்கிறது: முதல் நாளிலிருந்தே. ஜப்பான் சொல்கிறது: அன்றைக்குச் செல்லுபடியாகத்தான் இருந்தது, கொரியா தனி நாடானபின் செல்லாததாகிவிட்டது.

பத்திர ஆபீஸ் பக்கம் போய் வந்தவர்களுக்கு இதன் விபரீதம் உடனே புரியும். ஒருவர் நம் வீட்டில் 35 வருஷம் குடியிருந்தார். அவர் கையில் இருந்த பத்திரம் நேற்று ரத்தானது என்றால், இத்தனை நாள் இருந்தது நியாயம். சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். பத்திரமே போலி என்றால், இருந்த ஒவ்வொரு நாளும் அத்துமீறல். அதற்கெல்லாம் அவர் பதில் சொல்ல வேண்டும். இரண்டு தரப்பு வக்கீல்களும் இதை அறியாதவர்களா? நன்றாக அறிந்துதான் அப்படி எழுதினார்கள். அவரவர் ஊருக்குப் போய் அவரவர் அர்த்தத்தைச் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. கையெழுத்து நடக்க வேண்டுமென்று வாஷிங்டனும் பின்னாலிருந்து நெருக்கிக்கொண்டிருந்தது.

பணத்திலும் இதே சாமர்த்தியம்தான். ஜப்பான் 30 கோடி டாலர் நன்கொடையும் 20 கோடி டாலர் கடனும் தந்தது. அதற்கு 'நஷ்ட ஈடு' என்று பெயரிடாமல், 'பொருளாதார ஒத்துழைப்பு' என்று பெயரிட்டார்கள். கூடவே, இரு நாட்டு மக்களின் கோரிக்கைகளும் 'முழுமையாகவும் இறுதியாகவும்' தீர்ந்தன என்று ஒரு வரி. அந்தப் பணத்தில் சுமார் 12 கோடி டாலர் போஹாங் இரும்பாலைக்குப் போயிற்று. அதுவே இன்றைய போஸ்கோ. தொழில்நுட்பம் தந்தவர்களில் நிப்பான் ஸ்டீல் கம்பெனியும் உண்டு. நாடு எழுந்து நின்றது, உண்மை. ஆனால் சுரங்கத்தில் செத்தவன் குடும்பத்துக்கு? 1975–77-ல் சுமார் 8,500 பேரின் வாரிசுகளுக்குத் தலைக்கு மூன்று லட்சம் வோன் கொடுத்ததோடு சரி. உயிரோடு திரும்பியவர்களுக்கு அப்போது ஒன்றுமில்லை. இந்தக் குற்றத்தை டோக்கியோ மேல் சுமத்த முடியாது. மக்கள் பேரில் வாங்கிய பணத்தை மக்களுக்குத் தராமல் விட்டது சியோல் அரசாங்கம்.

இடையில் நல்ல காலமும் வராமலில்லை. 1991-ல் கிம் ஹாக்-சுன் என்ற மூதாட்டி முதன்முதலாகத் தன் பெயரைச் சொல்லி, நடந்ததை உலகறியச் சொன்னார். 1993-ல் கோனோ அறிக்கையில் ஜப்பானிய அரசு ராணுவத்தின் பங்கை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. 1998-ல் பிரதமர் ஒபுச்சியும் அதிபர் கிம் டே-ஜுங்கும் சேர்ந்து கூட்டறிக்கை விட்டார்கள். அதன்பின் ஜப்பானியப் படங்களுக்கும் பாட்டுக்கும் கொரியா படிப்படியாகக் கதவைத் திறந்தது. 2002-ல் உலகக் கோப்பைக் கால்பந்தை இருவரும் கூட்டாக நடத்தினார்கள். பிறகு கொரிய சீரியல்கள் ஜப்பானிய இல்லத்தரசிகளைக் கட்டிப்போட்டன. இன்று நம் வீட்டுப் பெண்பிள்ளைகள் கொரியப் பாட்டு முணுமுணுக்கிறார்களே, அதற்கெல்லாம் அது முன்னோடி.

ஆனால் சொல் அப்படியே கிடந்தது. போர்க்காலத்தில் ஜப்பானிய இரும்பாலையில் வேலை வாங்கப்பட்ட இருவர் 1997-ல் ஒசாகாவில் வழக்குப் போட்டு, 2003-ல் ஜப்பானிய உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்கள். 2005-ல் மேலும் இருவரோடு சேர்ந்து சியோலில் வழக்குத் தொடுத்தார்கள். 2018 அக்டோபர் 30-ல் கொரிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: காலனி ஆட்சியே சட்டவிரோதம்; அதனோடு பிணைந்த கொடுமைக்கான ஈடு 1965 கணக்கில் அடங்காது; ஆகவே நிப்பான் ஸ்டீல் ஒவ்வொருவருக்கும் 10 கோடி வோன் தர வேண்டும். தீர்ப்பைக் கேட்க நால்வரில் உயிரோடிருந்தவர் ஒருவரே, தொண்ணூறைக் கடந்தவர். கம்பெனி கொடுக்காததால், போஸ்கோவோடு அது கூட்டாக நடத்திய ஒரு கம்பெனியின் பங்குகள் முடக்கப்பட்டன. எந்த உறவால் இரும்பாலை எழுந்ததோ, அந்த உறவின் சொத்தின்மேலேயே ஜப்தி!

ஜப்பான் கொதித்தது. 'இறுதியாக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபின் இது என்ன நியாயம் என்று அவர்கள் கேட்டதிலும் பொருள் உண்டு. 2015-ல் 'ஆறுதல் பெண்கள்' விஷயமாகச் செய்த ஒப்பந்தம், அடுத்த அதிபர் வந்ததும் கிடப்பில் போடப்பட்டதை அவர்கள் மறக்கவில்லை. ஆனால் எடுத்த வழி சரியில்லை. 2019 ஜூலையில், சிலிக்கான் சில்லுக்கும் திரைக்கும் வேண்டிய மூன்று ரசாயனப் பொருள்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். பாதுகாப்புக் காரணம் என்று சொன்னார்கள், நம்பினவர் குறைவு. கொரியர்கள் ஜப்பானிய பீரைத் தொடவில்லை, துணிக்கடைக்குப் போகவில்லை. பூசானிலிருந்து 50 கிலோமீட்டரில் இருக்கிற, கொரியச் சுற்றுலாக்காரர்களை நம்பிப் பிழைத்த சுஷிமா தீவு வெறிச்சோடியது. சியோலும் ராணுவ ரகசியத் தகவல் பரிமாற்ற ஒப்பந்தத்தை முறிப்பதாக ஆகஸ்டில் அறிவித்து, கெடு முடிகிற அன்று, நவம்பர் 22-ல், நிறுத்தி வைத்தது. எல்லாம் வாஷிங்டன் நெருக்கடி. சாட்சிக்காரன் காலில் விழுவதைவிடச் சண்டைக்காரன் காலில் விழலாம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இவர்கள் விஷயத்தில் எப்போதும் சாட்சிக்காரன் வீட்டில்தான் பஞ்சாயத்து.

2023 மார்ச்சில் அதிபர் யூன் ஒரு வழி கண்டார். ஜப்பானியக் கம்பெனிகள் தர வேண்டியதைக் கொரிய அறக்கட்டளை ஒன்றே தந்துவிடும். அதற்கு 400 கோடி வோன் கொடுத்தது யார் தெரியுமா? போஸ்கோ. தீர்ப்புப் பெற்ற பதினைந்து பேரில் பதினொருவர் தரப்பு சீக்கிரமே வாங்கிக்கொண்டது. மற்ற நால்வர் தரப்பு, அடித்தவன் கையிலிருந்து வராத பணம் எதற்கு என்று முதலில் மறுத்தது. ஏற்றுமதிக் கட்டுப்பாடுகள் விலகின. யூன் 2025 ஏப்ரலில் பதவி பறிபோனபோது, எதிர்க்கட்சிக்காரரான லீ ஜே-மியுங் வந்தால் எல்லாம் தலைகீழாகும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தார்கள். யூனின் இந்த ஏற்பாட்டைக் கடுமையாகச் சாடியவர் அவர். ஆனால் அதிபரானபின் அதை அவர் கலைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் வாஷிங்டன் போகுமுன் டோக்கியோ போய்ப் பிரதமரைச் சந்தித்தார்.

1965 உடன்படிக்கையின் அந்த ஷரத்தை மட்டும் இதுவரை யாரும் திருத்தி எழுதவில்லை. கொரிய அரசின் பதிவேட்டில் பெயர் கொடுத்த 240 'ஆறுதல் பெண்'களில் இன்று உயிரோடிருப்பவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு. சியோலில் ஜப்பானியத் தூதரகம் இருந்த இடத்துக்கு எதிரே, 1992 ஜனவரியில் தொடங்கிய புதன்கிழமைப் போராட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.