உங்களுக்குத் தெரியுமா? புல்வெளி நடுவே ஒரு நீதிமன்றம்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் சேஸ் கவுண்டி என்றொரு சிறு மாவட்டம் இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே வாழ்பவர்கள் 2,572 பேர்தான்! ஆனால் அதன் தலைநகரான காட்டன்வுட் ஃபால்ஸில் நிற்கும் நீதிமன்றம் ஒரு பெருநகருக்கே பெருமை சேர்க்கும்.

1873-இல் கட்டி முடிக்கப்பட்ட இது, கான்சாஸில் இன்றும் இயங்கிவரும் நீதிமன்றக் கட்டடங்களில் மிகப் பழையது. சுவர்கள் உள்ளூர்ச் சுண்ணாம்புக்கல்லால் ஆனவை. மேலே சிவப்புக் கூரை, அதன்மேல் கடிகாரக் கோபுரம். வடிவமைத்தவர் ஜான் ஹாஸ்கல். கான்சாஸ் மாநிலத் தலைமைச் செயலகக் கட்டடத்திலும் அவருடைய கைவண்ணம் உண்டு. உள்ளே போனால் கண்ணை விட்டு அகலாதது வால்நட் மரத்தில் இழைத்த சுழல் படிக்கட்டு. மூன்று தளங்களுக்கும் வளைந்து வளைந்து ஏறுகிறது.

ஏன் இவ்வளவு குறைந்த மக்கள்தொகை? மண்தான் காரணம். கவுண்டி அமைந்திருக்கும் குன்றுப் பகுதியின் பெயரே ஃபிளின்ட் ஹில்ஸ், அதாவது சிக்கிமுக்கிக் குன்றுகள். மேல்மண் மெல்லியது, அடியில் சிக்கிமுக்கிக் கல்லும் சுண்ணாம்புக்கல்லும். பள்ளத்தாக்குகளைத் தவிர மற்ற இடங்களில் ஏர் இறங்கவில்லை, மாடு மேய்ப்பதே தொழிலாயிற்று. உழவு அழித்துவிட்ட வட அமெரிக்க உயர்புல் சமவெளியில் எஞ்சியதன் பெரும்பகுதி பிழைத்திருப்பது இந்தக் குன்றுகளில்தான். அதைக் காக்க 1996-இல் இதே கவுண்டியில் தேசியக் காப்பகம் அமைத்தார்கள்.