கண் சிமிட்டச் சொன்ன செயலி

இணையதளத்தில் ஓர் ஆரணிப் பட்டுச் சேலையின் படம். பார்வையற்ற ஒருவர் அதைத் தொட்டால், கைபேசியின் திரைவாசிப்பான் ‘ஐ.எம்.ஜி. 2047’ என்று கோப்பின் பெயரைப் படிக்கக்கூடும். ‘அரக்கு நிற உடல், பச்சைக் கரை, ஜரிகை முந்தி’ என்று படத்தோடு நாலு வார்த்தை எழுதிச் சேர்த்திருந்தால், கடைக்காரர் விரித்துக் காட்டியதுபோல் சேலை புரிந்துவிடும்.

இணையதளங்களும் செயலிகளும் இப்படி எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் வகுத்த தரநிலைதான் ஐ.எஸ். 17802. 2023 மே மாதம் இது மாற்றுத்திறனாளிகள் உரிமை விதிகளிலும் இடம்பெற்றது. படங்களுக்கு விளக்கம் வேண்டும், மவுஸ் இல்லாமல் விசைப்பலகையாலேயே எல்லாம் இயங்க வேண்டும், சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்பவை அதில் சில.

வங்கிக் கணக்கு தொடங்குவதிலும் இதே சிக்கல்தான். அமிலவீச்சில் கண்கள் பாதிக்கப்பட்ட பிரக்யா பிரசூனை, திரைமுன் இருப்பது நிஜ ஆள்தானா என்று சரிபார்க்கச் செயலி கண் சிமிட்டச் சொன்னது, அவரால் முடியவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது.

2025 ஏப்ரல் 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. கூடவே 20 உத்தரவுகள். கண் சிமிட்டலுக்கு மாற்று வழி தர வேண்டும், டிஜிட்டல் சரிபார்ப்பில் கைநாட்டையும் ஏற்க வேண்டும் என்பவையும் அவற்றுள் அடக்கம்.