கண்ணாடிக்கு டாட்டா... வலிக்கு ஒரே ஒரு சொட்டு!

கேம்பஸ் இன்டர்வியூ முடிஞ்சாச்சு, ஆஃபர் லெட்டரும் கைக்கு வந்தாச்சு. அடுத்து என்ன? 'சோடாபுட்டி' பட்டத்தைத் தூக்கிப் போடணும், அவ்வளவுதானே! லேசர் பண்ணிக்கப் போற நண்பர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ரெண்டுதான். எவ்வளவு செலவாகும்? எவ்வளவு பவர் குறையும்? மூணாவது கேள்வி ஒண்ணு இருக்கு பாஸ். வீட்டுக்கு வந்த பிறகு வலிச்சா என்ன பண்றது?

அதுக்கான பதில் உங்க உள்ளங்கைக்குள் அடங்கிடும் ஒரு குட்டி பாட்டிலில் இருக்கு. ஆனா, அதை எத்தனை நாள் போடணும், எப்போ நிறுத்தணும்னு தெரிஞ்சிக்கறது பாட்டிலைவிட முக்கியம்.

மெட்ராஸ் யுனிவர்சிட்டி கனெக்‌ஷன்!

முதலில் ஒரு காலர் தூக்கும் சமாச்சாரம். இந்த ஆபரேஷனுக்கு அடிப்படை போட்டவர்களில் ஒருவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. படித்த ரங்கசாமி சீனிவாசன். அமெரிக்காவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். 1981 நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விருந்தில் மிச்சமான வான்கோழி இறைச்சியை லேபுக்குக் கொண்டுபோய், அதன்மீது எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சினார். சுற்றியிருந்த பகுதி கொஞ்சம்கூடக் கருகாமல், கத்தி வெச்ச மாதிரி வெட்டு விழுந்தது. 193 நானோமீட்டர் புற ஊதா ஒளி, திசுவின் மூலக்கூறு பிணைப்புகளையே உடைத்து ஆவியாக்கிவிடுகிறது. அவருக்கும், உடன் உழைத்த ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவருக்கும் 2013-ல் அதிபர் ஒபாமா தேசிய விருது கொடுத்தார்.

சுடலையே... அப்புறம் ஏன் வலிக்குது?

நியாயமான கேள்வி. உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கிற இடங்களில் ஒண்ணு, கருவிழி. தோலோடு ஒப்பிட்டால் நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். ஒரு தூசி விழுந்தாலே குதிக்கிறோமே, அதனாலதான்.

லாசிக் முறையில் கருவிழியின் மேல் ஒரு மெல்லிய மடலைத் திறந்து, உள்ளே லேசர் பாய்ச்சி, திரும்ப மூடிடுவாங்க. பெரும்பாலும் சில மணி நேரம் எரிச்சல், கண்ணீர், கூச்சம். நல்லாத் தூங்கி எழுந்தா பாதி போயிடும். பி.ஆர்.கே. முறை வேற. கருவிழியின் மேல்தோலையே நீக்கிட்டுத்தான் லேசர். புதுத்தோல் மூட 3 முதல் 5 நாள் ஆகும். முதல் ரெண்டு, மூணு நாள் வலி உண்டு. அதுக்குத்தான் பேண்டேஜ் மாதிரி ஒரு கான்டாக்ட் லென்ஸ் வெச்சு அனுப்புவாங்க.

பாட்டிலுக்குள் என்ன நடக்குது?

காயம்பட்ட திசு, ப்ராஸ்டகிளாண்டின் என்ற ரசாயனத்தை உற்பத்தி பண்ணும். 'இங்கே அடிபட்டிருக்கு'னு நரம்புக்கு ஊதற சங்கு அது. கீட்டோரொலாக், டைக்ளோஃபெனாக் போன்ற அழற்சி நீக்கும் சொட்டு மருந்துகள், அந்த உற்பத்திக்குத் தேவையான நொதியையே தடுத்துடும். சங்கு சத்தம் குறையும், வலியும் குறையும். போட்டவுடன் சில நொடி சுருக்குனு எரியலாம், பயப்படாதீங்க.

இதோடு ஸ்டீராய்டு சொட்டு, ஆன்டிபயாடிக் சொட்டு எல்லாம் சேர்த்துக் கொடுப்பாங்க. மூணும் வேற வேற வேலை. ஒண்ணுக்குப் பதில் இன்னொண்ணு ஆகாது.

நாலு நாள் கணக்கு

இப்போ சீரியஸ் மேட்டர். வலியைக் குறைக்கிற இந்தச் சொட்டு, அதிகமானால் காயம் ஆறுவதையே தாமதப்படுத்தும். அரிதாக, கருவிழி மெலிந்து கரைந்துபோகிற அளவுக்கும் போயிருக்கு. 1999-ல் அமெரிக்காவில் இப்படிப்பட்ட பாதிப்புகள் வெளிவந்த பிறகு, டைக்ளோஃபெனாக் சொட்டு மருந்து ஒன்றையே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றாங்க. 0.4 சதவிகித கீட்டோரொலாக்குக்கு அந்த நாட்டில் அச்சிட்ட அளவு இதுதான்: தினம் 4 முறை, ஒவ்வொரு சொட்டு, அதிகபட்சம் 4 நாள். உங்களுக்கு எத்தனை நாள்னு உங்க டாக்டர் சொல்லுவார். அவர் எழுதினதைத் தாண்டாதீங்க. ஆஸ்பிரின் அலர்ஜியோ, ஆஸ்துமாவோ இருந்தா ஆபரேஷனுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

'ரெண்டு சொட்டா விட்டா சீக்கிரம் கேட்கும்'னு கணக்குப் போடாதீங்க. நம்ம இமைக்குள் ஒரு சொட்டுக்கே முழுசா இடமில்லை. ரெண்டாவது கன்னத்துலதான் வழியும்.

கையைக் கழுவி, கீழ் இமையை லேசா இழுத்து, பாட்டில் முனை படாமல் ஒரு சொட்டு. கண்ணை மூடி, மூக்கோரம் ஒரு நிமிஷம் மெல்ல அழுத்துங்க. பி.ஆர்.கே. பண்ணிருந்தாலும் லென்ஸைத் தொடாதீங்க. அடுத்த மருந்துக்கு 5 நிமிஷம் இடைவெளி.

மேடவாக்கம் மக்களே, உங்களுக்குத்தான்!

கூட்ரோடு தூசியும் ஆபரேஷன் பண்ணின கண்ணும் ஜென்ம விரோதிகள். முதல் சில நாள் பைக் வேண்டாம். செக்கப்புக்கு வேளச்சேரியோ தாம்பரமோ போகணும்னாலும் துணைக்கு ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு, கூலிங்கிளாஸோடு ஆட்டோவில் போங்க. 'சோழிங்கநல்லூர் வழியா அப்படியே கோவளம்' ப்ளானை டாக்டர் ஓகே சொல்றவரை தள்ளி வைங்க. கண்ணைக் கசக்கவே கூடாது.

"அண்ணே, கண் வலிக்கு ஒரு டிராப்ஸ் குடுங்க"னு மெடிக்கல் ஷாப்பில் கேட்கிற பழக்கத்துக்கும் தடா. இவை டாக்டர் சீட்டுக்குத் தர வேண்டிய மருந்துகள். ஆபரேஷன் டேபிளில் போட்ட மரத்துப்போகிற மருந்து சூப்பரா இருந்துச்சேனு அதைத் தேடிப் போகவே கூடாது. தொடர்ந்து போட்டால் கருவிழியையே பாழாக்கிடும்.

மிச்சமான பாட்டிலை ரூம்மேட்டின் 'மெட்ராஸ் ஐ'க்கு தானம் பண்றதும் பாவம்தான். 1918-ல் நம்ம ஊரில் பரவியதால் வந்த பேர் அது. உங்க பாட்டில் ஸ்டீராய்டாக இருந்தால், அவர் கண்ணில் பிரஷர் ஏறி, க்ளாக்கோமா வரைக்கும் போகலாம்.

வலி குறையறதுக்குப் பதில் நாளுக்கு நாள் கூடுதா? பார்வை மங்குதா? சீழ் வருதா? கண் ரொம்பச் சிவக்குதா? இன்னொரு சொட்டு விட்டுக்கிட்டுக் காத்திருக்காதீங்க. உடனே ஆபரேஷன் பண்ணின டாக்டருக்கு போன் போடுங்க, ராத்திரியா இருந்தாலும் சரி. ஆறுற காயத்தோட வலி குறைஞ்சுக்கிட்டே வரணும். கூடுற வலி, ஏதோ தப்புன்னு கண்ணே அடிக்கிற மிஸ்டு கால். அதை மட்டும் கட் பண்ணிடாதீங்க!