விண்வெளிக் குரலைப் பிடிக்க எந்த ஆன்ட்டெனா?

சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ. உயரத்தில் பூமியைச் சுற்றி வருகிறது. அங்குள்ள அமெச்சூர் வானொலிக் கருவி மூலம் விண்வெளி வீரர்கள் 2000-ஆம் ஆண்டு முதல் பள்ளி மாணவர்களுடன் பேசி வருகிறார்கள். அந்தக் குரல் 145.8 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வருகிறது. நிலையம் உங்கள் வானத்தைக் கடக்க ஏறக்குறைய 10 நிமிடங்களே ஆகும். அதற்குள் குரலைப் பிடிக்க எத்தகைய ஆன்ட்டெனா வேண்டும்?

முதலில் ஒரு கணக்கு. 300-ஐ மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 300 ÷ 145.8 = சுமார் 2.06 மீட்டர். இதில் கால் பங்கு 51 செ.மீ. கம்பியைச் சற்றுக் குறைத்து 49 செ.மீ. அளவில் வெட்டுவது வழக்கம்.

அடுத்தது தூரம். நிலையம் தலைக்கு நேர் மேலே இருந்தால் 400 கி.மீ. தொலைவு; தொடுவானத்தில் தோன்றும்போதோ சுமார் 2,300 கி.மீ. தூரம் ஐந்து மடங்குக்கு மேல் கூடுவதால், நம்மை வந்தடையும் ஆற்றல் 25-இல் ஒரு பங்குக்கும் கீழே குறைந்துவிடும்.

இனி மூன்று வகைகளைப் பார்ப்போம்.

செங்குத்துக் கம்பி: சுற்றிலும் எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக அலைகளை வாங்கும். நேர் மேலிருந்து வருவதை மட்டும் சரியாக வாங்காது.

'வி' வடிவம்: இரண்டு 49 செ.மீ. கம்பிகளை 120 பாகைக் கோணத்தில் கிடைமட்டமாகப் பொருத்த வேண்டும். உயரத்தில் கடக்கும்போது நன்றாகக் கேட்கும். தொடுவானத்தருகே வலுக் குறையும்.

யாகி: 1926-இல் ஜப்பானிய அறிஞர்கள் யாகியும் உடாவும் அறிவித்தது. பல கம்பிகள் சேர்ந்து ஒரே திசையில் கூர்மையாகக் கேட்கும். தொலைவுக் குரலுக்கு இதுவே சிறந்தது. ஆனால் நிலையம் நகர நகர, கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஒலி மங்கினால் மணிக்கட்டைச் சற்றுச் சுழற்றுங்கள், தெளிவடையும்.

செலவு குறைவாகத் தொடங்க 'வி' போதும். பழகிய பின் யாகிக்கு மாறலாம். சாதாரண எஃப்.எம். வானொலி 108 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், ஆகவே 145.8-ஐ ஏற்கும் வாங்கி அவசியம். பதில் பேச அரசின் உரிமம் வேண்டும். மின்கம்பிகளுக்கு அருகிலோ, இடி மின்னல் வேளையிலோ ஆன்ட்டெனாவைத் தொடாதீர்கள்.

435 மெகாஹெர்ட்ஸ் அருகே ஒலிபரப்பும் செயற்கைக்கோள்களும் உண்டு. அவற்றுக்குக் கால் அலைக் கம்பி எவ்வளவு நீளம்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்களேன்!