மதிப்பெண் அட்டையை வாசிப்போம்



நீட் முடிவு வரும் இரவில் நம் தெருவிலும் ஒரு பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கும். அதன் கையிலுள்ள அட்டையை முதலில் நாம் சரியாக வாசிக்கப் பழகுவோம்.

720க்கு எவ்வளவு என்பது மதிப்பெண். பர்சன்டைல் என்பது சதவீதம் அல்ல. தேர்வு எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் நமக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கிறார்கள் என்ற கணக்கு அது. வரிசையில் நிற்கும் இடத்தை மட்டுமே அது சொல்லும். அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதா பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கியவர். 2017இல் நீட் அவரை வெளியே நிறுத்தியது. அளவுகோல் மாறியது, அவர் மாறவில்லை.

பட்டியல் சாதி மாணவருக்குத் தகுதி 40ஆவது பர்சன்டைல். தகுதி பெற்றாலே இடம் கிடைத்துவிடாது. அதற்காக, பொதுப்பட்டியல் கட்-ஆஃப்பைப் பார்த்து நம்பிக்கை இழக்கவும் வேண்டாம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2020 முதல் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு உண்டு. தரவரிசை தனி, கட்டணத்தை அரசே ஏற்கிறது. மாநிலக் கலந்தாய்வுக்குத் தனியே விண்ணப்பிக்க வேண்டும். சாதிச் சான்றிதழையும் பள்ளிச் சான்றையும் முன்பே வாங்கிக் கொடுப்பது நம் வேலை.

இடம் கிடைக்காவிட்டால், அன்றிரவே "அடுத்து என்ன?" என்று கேட்காதீர்கள். சோறு போட்டுப் பக்கத்தில் இருங்கள். உயிர் மேல் வெறுப்பாகப் பேசினால் தயங்காமல் நேராகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள். 104, 14416 எண்களில் எந்நேரமும் பேசலாம்.

நீட்டை எதிர்க்கும் போராட்டம் நம் எல்லோருடையது. அதன் பாரத்தைப் பதினேழு வயதுத் தோளில் ஏற்றக் கூடாது.