கிரியாட்டினின்: ஒரே எண், இரண்டு உடல்கள்

சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனையில் முதலிடம் கிரியாட்டினினுக்கு. 'இரத்தத்தில் உப்பு கூடிவிட்டது' என்று வீடுகளில் பேசிக்கொள்வது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் இது சமையல் உப்பு அல்ல. தசைகளில் உள்ள கிரியாட்டின் என்ற பொருள் சிதைந்து உண்டாகும் கழிவு. நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்டாகும் இதைச் சிறுநீரகங்கள் வடித்து வெளியேற்றுகின்றன. வடிப்பு குறைந்தால் கழிவு இரத்தத்தில் தேங்கும்.

இதை அளக்க நிறம் உதவுகிறது. காரக் கரைசலில் பிக்ரிக் அமிலத்துடன் சேர்ந்தால் கிரியாட்டினின் ஆரஞ்சுச் சிவப்பாக மாறும் என்பதை 1886இல் மாக்ஸ் யாஃபே கண்டறிந்தார். நிறம் அடர்ந்தால் அளவு அதிகம். பல ஆய்வகங்களில் இன்றும் இந்த முறையே நடக்கிறது. நொதியைக் கொண்டு அளக்கும் முறையும் உண்டு.

ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் ஆண்களுக்கு 0.7 முதல் 1.3 மில்லிகிராம் வரையும், பெண்களுக்கு 0.6 முதல் 1.1 வரையும் இயல்பு என்று ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும். ஆய்வகத்துக்கு ஆய்வகம் இது சற்று மாறும். கூடவே வரும் யூரியா புரதம் செரித்த பின் மிஞ்சும் கழிவு. உடலில் நீர் வற்றினாலே அது கூடிவிடும் என்பதால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதில்லை.

கிரியாட்டினின் எண்ணையும் ஆளைப் பார்த்தே படிக்க வேண்டும். துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் 30 வயது ஆண் ஒருவர். வடசென்னைக் காசிமேட்டில் மீன் விற்கும் 65 வயதுப் பெண் ஒருவர். இருவருக்கும் 1.3 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வயதையும் பாலினத்தையும் சேர்த்து இன்றைய சூத்திரத்தில் கணக்கிட்டால், அந்த ஆணுடைய வடிப்பு வேகம் நிமிடத்துக்குச் சுமார் 76 மில்லிலிட்டர். அந்தப் பெண்ணுடையது சுமார் 46. உழைத்து இறுகிய தசை அதிகமாகக் கிரியாட்டினின் தருவதால், அந்த ஆணின் உண்மையான வேகம் இன்னும் கூடுதலாகவே இருக்கலாம். அந்தப் பெண்ணுக்கோ அதே எண் எச்சரிக்கை. ரிப்போர்ட்டில் 'இ.ஜி.எஃப்.ஆர்.' என்று போட்டிருப்பது இந்த வேகத்தைத்தான்.

இந்த வேகம் 90க்கு மேல் இருந்தால் இயல்பு. 60க்குக் கீழே இறங்கி மூன்று மாதங்களுக்கு மேல் அப்படியே நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழே போனால் சிறுநீரகச் செயலிழப்பு. இயங்கும் திறனில் ஏறக்குறைய பாதி போகும் வரைகூடக் கிரியாட்டினின் இயல்பு எல்லைக்குள்ளேயே நின்றுவிடலாம். ஆகவே ஒருவருக்கு 0.8 ஆக இருந்தது 1.2 ஆனால், எல்லைக்குள்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் ஒழுகுகிறதா என்ற பரிசோதனை, இரத்தத்தில் மாற்றம் தெரியும் முன்பே பழுதைக் காட்டிவிடும்.

தற்காலிகமாக எண் ஏறுவதும் உண்டு. முந்தைய இரவு கறி விருந்து, வாந்தி பேதி, தண்ணீர் குடிக்காமல் வெயிலில் வேலை எல்லாம் காரணமாகலாம். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளோ சிறுநீரகத்துக்கே ஊறு செய்யக்கூடியவை. எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதிகளில் கொதிகலன், உலை அருகே வியர்த்து உழைத்துவிட்டு, உடல்வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போடுவோருக்கு இரண்டும் ஒன்றுசேரும். தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்த ஆய்வில், 100க்கு 7 பேருக்கு வடிப்பு வேகம் குறைந்திருந்தது. வெப்பத்தில் ஓயாத உழைப்பும் சிறுநீரகத்தைத் தேய்க்கலாம் என்பதற்கு இது ஒரு சான்று.

சர்க்கரை நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இரத்தம், சிறுநீர் இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதற்கு வசதி உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இவ்விரு நோய்களுக்கும் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. மருத்துவரிடம் போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளையும் தேதி வரிசையில் எடுத்துச் செல்வது நல்லது. எண் ஏறிக்கொண்டே வருகிறதா, நிலையாக நிற்கிறதா என்பது அவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.